கடுப்பும் உளைச்சலும்

பதினெட்டு ஆண்டுகளாக நான் வகுப்பில் ஒரு நோயைப் பாடம் நடத்தி வருகிறேன். கண் உறங்காது. உடல் மெலியும். வளை கழலும். நெற்றியின் ஒளி குன்றும். மேனியில் பசலை படரும். கரும்பலகையில் இந்தப் பட்டியலை எழுதி, எதிரில் ‘காரணம்: தலைவன் பிரிவு’ என்று எழுதிவிட்டால் ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் போதும். ஒரு மாணவிகூட எழுந்து, “இந்தப் பொண்ணுக்கு ரத்தசோகையா இருக்கக்கூடாதா மேடம்?” என்று கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. முப்பத்தெட்டாம் வயதில் என் உடம்பு அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது.

சம்பா நடவு முடிந்திருந்த சமயம். காலையில் எழுந்தால், இரவெல்லாம் யாரோ என்னைக் களத்தில் போட்டுப் போரடித்தது போலிருக்கும். பிடரி, தோள், இடுப்பு, தொடை எல்லாம் ஒரே நேரத்தில் வலிக்கும். வலி மட்டும் வந்திருந்தால் சமாளித்திருப்பேன். அது தன் உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. வயிறு ஒரு வாரம் கட்டிக்கொள்ளும், மறுவாரம் அவிழ்த்துவிடும். முக்கால் மணிக்கொரு தரம் சிறுநீர் முட்டும்; பரிசோதித்தால் கிருமி இருக்காது. அரைமணி நேரம் பேசினால் காதோரம் தாடை பூட்டிக்கொள்ளும், அதுவும் பேசிப் பிழைக்கிறவளுக்கு. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை ஒற்றைத் தலைவலி. மாதவிடாய் நாட்களில் இவை அத்தனையும் சேர்ந்து வரும். எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது சொல் மறந்துபோனதுதான். ஒருநாள் வகுப்பில், பதினைந்து வருடமாக விளக்கி வந்த ‘இறைச்சி’ என்ற இலக்கணச் சொல் நாவில் வரவில்லை. அதற்கு எடுத்துக்காட்டு நினைவிருந்தது, பெயர் வரவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள்.

கீழ்வேளூர் காவிரியின் கடைமடை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் மதகைத் தூக்கினால், நாடெல்லாம் பாய்ந்து மிச்சம்தான் எங்களுக்கு. சிறப்பு மருத்துவர்களும் அப்படித்தான். எலும்புக்கு நாகப்பட்டினம், வயிற்றுக்கும் பெண் மருத்துவத்துக்கும் திருவாரூர், நரம்புக்கும் சிறுநீரகத்துக்கும் தஞ்சாவூர், பல்லுக்கு எங்கே கூட்டம் குறைவோ அங்கே. நான்கு வருடத்தில் ஏழு கோப்புகள் சேர்ந்தன. ஜவுளிக்கடைக் கட்டைப் பை ஒன்றில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுவேன். ஒரு கோப்பைத் திறந்தவர் இன்னொன்றைத் திறக்கவில்லை. எலும்பு மருத்துவரிடம் வயிற்றைப் பற்றிச் சொன்னால், “அத வயித்து டாக்டர்ட்ட சொல்லுங்கம்மா” என்பார். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் அடியை அவரவர் சரியாகவே வாசித்தார்கள். பாட்டை வாசிக்கத்தான் ஆளில்லை.

ஏழு அறைகளிலும் ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் ‘நார்மல்’ என்று வந்தன. மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை என்று மேடையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். படத்தில் ஒன்றும் தெரியாதபோது என் மெய் பொய்யாகிவிட்டது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. நான்கு அறைகளில், கிட்டத்தட்ட ஒரே குரலில்: “வீட்டுக்காரரோட ஏதாவது பிரச்சினையா?” ஓர் அறையில் என்னிடம் கேட்காமல், கூட வந்திருந்த என் கணவரிடம் கேட்டார்கள். அவர் திணறிப்போய் ஏதோ சொன்னார். வலி என்னுடையது, கூற்று தலைவனுடையது.

அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் வேலன் நினைவுக்கு வந்தான்.

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்று ஒரு துறை இருப்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். மகள் மெலிகிறாள், உறங்கவில்லை, உண்ணவில்லை. தாய் அஞ்சிக் கட்டுவிச்சியை அழைக்கிறாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிக் குறி சொல்கிறாள். அல்லது வேலன் வருகிறான், கழங்கை உருட்டுகிறான், இது முருகன் அணங்கிய நோய் என்கிறான். களம் அமைத்து, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு ஆடுகிறான். தலைவியும் தோழியும் உள்ளுக்குள் சிரிக்கிறார்கள், நோய்க்குக் காரணம் மலைநாட்டுக்காரன் ஒருவன் என்பது அவர்களுக்குத் தெரியுமாதலால். நற்றிணையில் ஒரு தோழி, வெறியாட்டுக்கு வந்த முருகனையே நேரில் நிறுத்தி அவன் அறியாமையைச் சாடுகிறாள். வெறியாட்டைப் பாடியே பெயர் பெற்ற காமக்கண்ணியார் என்ற புலவரும் நம்மிடம் உண்டு. தவறான நோயறிதலைப் பற்றி இவ்வளவு நுட்பமாக, இவ்வளவு நகைச்சுவையோடு எழுதிய மரபு உலக இலக்கியத்திலேயே குறைவு என்று நான் கருத்தரங்குகளில் பெருமையோடு பேசியிருக்கிறேன். அந்தப் பெருமையை இப்போதும் விட்டுவிடவில்லை.

ஆனால் அந்த இரவில் வேறொன்று உறைத்தது. வேலன் சொல்வது தவறு என்று சிரிக்கிற பாட்டு, தோழி சொல்வது சரிதானா என்று கேட்பதே இல்லை. வேலன் முருகன் என்கிறான், தோழி தலைவன் என்கிறாள். இருவர் விடையும் ஓர் ஆண்தான். மெலிந்த உடம்புக்கும் உறங்காத கண்ணுக்கும் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்பதற்கு அந்த உலகத்தில் இடமே இல்லை. திருக்குறளின் காமத்துப்பாலில் பசப்பு, கண்ணின் துயர், உறுப்புகளின் நலம் அழிதல் என்று பெண்ணுடம்பின் ஒவ்வொரு நலிவுக்கும் தனித்தனி அதிகாரம் உண்டு. எல்லாம் ஒரே திசையில்தான் கைகாட்டுகின்றன. அதே நூலில் ‘மருந்து’ என்ற அதிகாரம் பொருட்பாலில் இருக்கிறது. நோய்க்கு முதல் எது என்று தேடச் சொல்கிற அந்தக் கறாரான மருத்துவ அறிவு காமத்துப்பால் வரை நடந்து வரவில்லை.

மூத்த பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அகத்திணை அழகியல் மரபும்மா, கேஸ் ஷீட் இல்ல” என்றார். உண்மைதான். தலைவிக்குத் தைராய்டு பரிசோதனை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. என் கேள்வி வாசிப்புப் பழக்கத்தைப் பற்றியது. பெண்ணின் உடம்பு எதைச் சொன்னாலும் அதை வேறொன்றின் அடையாளமாக எடுத்துக்கொள்ளப் பள்ளிப் பாடப்புத்தகத்திலிருந்தே பழக்குகிறோம். அந்தப் பாடத்தைப் படித்தவர்தான் பிறகு மருத்துவம் படித்து ஸ்டெதாஸ்கோப்போடு எதிரில் உட்காருகிறார். தமிழ் சினிமாவில் கதாநாயகி தலைசுற்றி விழுந்தால் நாடி பிடித்தவர் உடனே சிரிக்கிறாரே, அதுவும் இதே இலக்கணம்தான். எந்த மயக்கத்துக்கும் ஒரே பொருள்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இன்னும் வெளிப்படை. எட்டு மெய்ப்பாடுகளில் பிணி எங்கே வருகிறது? அழுகையில் இல்லை, அச்சத்தில் இல்லை. மூப்பு, வருத்தம், மென்மை ஆகியவற்றோடு சேர்த்து இளிவரலில் வைக்கப்பட்டிருக்கிறது. நோயுற்றவர் இழிவாக உணர்கிறார், பார்ப்பவருக்கும் அது இழிவாகத் தோன்றுகிறது. இதைப் பல வருடம் நான் வெறும் சூத்திரமாக ஒப்பித்திருக்கிறேன். ஆசிரியர் அறையில், “இன்னிக்கு எந்த எடம் வலிக்குது?” என்று ஒரு சக ஊழியர் சிரித்துக்கொண்டே கேட்டபோது சூத்திரத்தின் உரை விளங்கியது.

நோய்க்குப் பெயர் சொன்னவர் தஞ்சாவூரில் ஒரு பெண் மருத்துவர், வாதநோய்ச் சிறப்பு படித்தவர். கட்டைப் பையை மேசைமேல் கொட்டச் சொன்னார். ஏழு கோப்புகளையும் வரிசையாக விரித்து வைத்துக்கொண்டு, “தூங்கி எழுந்திரிக்கும்போது எப்படி இருக்கும்?” என்றார். யாரும் கேட்காத கேள்வி அது. பிறகு உடம்பை 19 பகுதிகளாகப் பிரித்த ஒரு படத்தைக் காட்டி, கடந்த வாரத்தில் எங்கெங்கே வலித்தது என்று குறிக்கச் சொன்னார். ஃபைப்ரோமயால்ஜியா.

இந்தச் சொல்லுக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 1904-இல் வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைத் தசைநார் அழற்சி என்று கருதி வேறொரு பெயர் வைத்தார். அழற்சி எதுவும் இல்லை என்று பின்னால் தெரிந்ததால், 1976-இல் இன்றைய பெயர் வந்தது. 1990-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரி ஓர் அளவுகோல் தந்தது. உடம்பில் 18 புள்ளிகளைக் கட்டைவிரலால், நகம் வெளுக்கும் அளவுக்கு, ஏறக்குறைய 4 கிலோ அழுத்தத்தில் அழுத்த வேண்டும். 11 இடத்தில் வலித்தால் நோய். இந்தக் கணக்கில் நோயாளிகள் பெரும்பாலும் பெண்களாகவே இருந்தார்கள். 2010-இல் அழுத்திப் பார்ப்பதைக் கைவிட்டு, பரவிய வலியோடு சோர்வு, தூங்கியும் தெளியாமை, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றைக் கேட்டுக் கணக்கிடும் முறை வந்தது. ஆண் பெண் இடைவெளி சுருங்கியது. அழுத்தினால் வலி தாங்கும் அளவு பெண்களுக்குப் பொதுவாகவே குறைவு. ஆகவே பழைய அளவுகோல் நோயை அளந்ததா, பெண்ணை அளந்ததா என்ற கேள்வி எழுந்தது. பெண்களின் நோய் என்று சொல்லப்பட்டதில் ஒரு பங்கு அளவுகோலின் வேலை.

எனக்கு முக்கியமாகப் பட்டது 2016-இல் செய்த திருத்தம். அதுவரை பலர் இதை எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சும் நோயாகப் பார்த்தார்கள். வேறு நோய் இருந்தால் இது இல்லை என்பது போல. வேறு எந்த நோய் இருந்தாலும் இதுவும் இருக்கலாம் என்று 2016 தெளிவாகச் சொன்னது. துணைவருபவை துணைவருபவையாகவே ஏற்கப்பட்டன. அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள் இப்போது ஒன்றன்மேல் ஒன்று படியும் நாள்பட்ட வலிகள் என்று ஒரு குழுவைப் பேசுகின்றன. ஃபைப்ரோமயால்ஜியா, குடல் எரிச்சல் நோய், கிருமியில்லாத சிறுநீர்ப்பை வலி, தாடை மூட்டு வலி, நாள்பட்ட ஒற்றைத் தலைவலி, இறுக்கத் தலைவலி, நாள்பட்ட கீழ்முதுகு வலி, தீராச் சோர்வு நோய், எண்டோமெட்ரியோசிஸ், பெண்குறி வலி ஆகிய பத்து. ஒன்று உள்ளவருக்கு மற்றொன்று வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இந்தப் பத்துக்கு வெளியே தூக்கக் கோளாறுகளும் ஓய்வற்ற கால்களும் மனச்சோர்வும் பதற்றமும் இதோடு அடிக்கடி சேர்ந்து வருகின்றன.

இவை ஏன் சேர்ந்து வருகின்றன? 1983-இல் கிளிஃபர்ட் வுல்ஃப் விலங்குகளில் செய்த ஆய்வு ஒரு வழியைத் திறந்தது. வலிச் சேதியைக் கொண்டுபோகும் முதுகுத்தண்டே கூர்மைப்பட்டு, சிறிய சேதியைப் பெரிதாக்கி அனுப்ப முடியும் என்று அது காட்டியது. மேலே மூளையிலிருந்து வலியைத் தணிக்க இறங்கி வரும் கட்டளையும் இவர்களுக்குப் பலவீனமாக இருப்பதாகப் பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. கடைமடைக்காரர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். வாய்க்காலில் வருவது சாதாரணத் தண்ணீர்தான். மதகுப் பலகை இறங்கவில்லை. எந்த வயல் எந்த மதகின்கீழ் இருக்கிறதோ அதெல்லாம் மூழ்கும். குடலும் சிறுநீர்ப்பையும் தாடையும் தோளும் ஒரே மதகின்கீழ் இருக்கின்றன. ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாக ஆள் அனுப்பி வரப்பைச் சோதித்துக்கொண்டிருந்தோம்.

பெயர் கிடைத்த செய்தி தெருவில் பரவியது. “சமந்தாவுக்கு வந்துச்சே, அதுவா?” என்று மூன்று பேர் கேட்டார்கள். 2022-இல் அவர் தனக்கு இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னது மயோசைட்டிஸ், தசை அழற்சி நோய். அது வேறு, இது வேறு என்று விளக்கினேன். நடிகைக்கு வந்ததில்லை என்றதும் நோயின் மதிப்புக் கொஞ்சம் குறைந்துவிட்டது. அம்மா என்னைக் கேடிலியப்பர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சூரபத்மனைக் கொன்ற பாவம் தீர முருகன் வந்து தவமிருந்த தலம் இது என்பது எங்களூர்ப் புராணம். சங்கப் பாட்டின் வேலன் யார் பெயரைச் சொல்லி ஆடினானோ அவனே எங்களூரில் பரிகாரத்துக்கு வந்தவன். சந்நிதியில் எனக்குச் சிரிப்பு வந்ததை அம்மா பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் வந்து உட்காரும் அக்கா ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் நடவாள். நாற்றுப் பறித்து, முடி கட்டி, குனிந்த முதுகு நிமிராமல் வயலைக் கடந்தவர். இயந்திரம் வந்தபின் நடவு குறைந்து, இப்போது நூறுநாள் வேலை. என் நோயைப் பற்றிக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“எனக்குந்தான் டீச்சர் ஒடம்பெல்லாம் கடுக்குது. காலு கடுக்குது, ஒன்னுக்குப் போனா கடுக்குது, வயித்தக் கடுக்குது. ராத்திரியானா காலு உளையுது. வச்ச எடத்துல வச்சிருக்க முடியல. எந்திரிச்சி வாசல்ல நாலு நட நடந்தா தேவலாம்போல இருக்கு, படுத்தா மறுபடி உளையுது.”

நான் பேனாவை எடுத்தேன். தமிழ் படித்தவளின் கெட்ட பழக்கம்.

கடுப்பு. காலுக்கும் அதே சொல், நீர்க்கடுப்பு என்று சிறுநீர்ப்பைக்கும் அதே சொல், வயிற்றுக்கடுப்பு என்று குடலுக்கும் அதே சொல். கண் கடுப்பு உண்டு. என் மாணவிகள் எரிச்சலையும் சினத்தையும் ‘செம கடுப்பு’ என்கிறார்கள். உளைச்சலும் அப்படித்தான். கால் உளைச்சல், வயிற்று உளைச்சல், மன உளைச்சல். நகரத்துத் தமிழில் முதலிரண்டும் உதிர்ந்துபோய், செய்தித்தாளில் மன உளைச்சல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. காலிலும் வயிற்றிலும் மனத்திலும் ஒரே நேரத்தில் இருந்த சொல்லைத் தூக்கி மனத்துக்குள் மட்டும் போட்டுவிட்டோம். மருத்துவமனையில் நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏழு துறைகளும் ஏழு கோப்புகளும் பார்க்கத் தவறிய உறவை இந்த இரண்டு சொற்களும் வைத்திருக்கின்றன. இதை நம் முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்ற மேடைப்பேச்சாக யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. வயிற்றுக்கடுப்பு பல நேரம் வெறும் கிருமித் தொற்றுதான், நீர்க்கடுப்பும் அப்படியே. சொல் ஒன்றாக இருப்பதால் நோய் ஒன்றாகிவிடாது. ஆனாலும் ஒரு பெண் தன் உடம்பை எப்படி அனுபவிக்கிறாள் என்பதற்கு அது சாட்சி. அவள் உடம்பு துறைவாரியாகப் பிரிந்து வலிப்பதில்லை.

வர்ஜீனியா வுல்ஃப் 1926-இல் நோயுற்றிருப்பது பற்றி எழுதிய கட்டுரையில், தலைவலியைச் சொல்ல ஆங்கிலத்தில் சொல் போதவில்லை என்று குறைபட்டார். 1985-இல் எலைன் ஸ்கேரி, கடும் வலி மொழியையே அழித்துவிடுகிறது என்று ஒரு நூல் எழுதினார். பெண்ணியத் திறனாய்வில் இவ்விரண்டையும் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகிறோம். நானும் காட்டியிருக்கிறேன். எங்கள் திண்ணைக்கு அது பொருந்தவில்லை. குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, எரிச்சல், மதமதப்பு, விண்விண் என்று தெறிப்பது, அசதி, ஓய்ச்சல், அலுப்பு: அக்காவிடம் ஒன்றுக்கொன்று வேறான சொற்கள் ஏராளம். எலும்புக்குள் இருப்பது குடைச்சல், சதையில் இருப்பது கடுப்பு என்று பிரித்தும் சொல்கிறார். மெல்சாக் என்ற அறிஞர் 1975-இல் வலியை அளக்க 78 ஆங்கிலச் சொற்களை 20 குழுக்களாகத் தொகுத்து ஒரு வினாத்தாள் செய்தார். அக்காவிடம் ஒரு மாதம் உட்கார்ந்தால் அதற்கு ஈடாகத் தமிழில் ஒன்று செய்துவிடலாம். சொல் இல்லை என்பது இங்கே சிக்கல் இல்லை. இத்தனை சொற்களும் மருத்துவர் முன்னால் போனதும் ‘உடம்பு வலி’ என்று ஒற்றை வரியாகி, மூன்று நாளைக்கு மாத்திரையாகத் திரும்பி வருகின்றன.

அக்காவைப் போன்றவர்களின் வலியைத் தஞ்சை வட்டார இலக்கியம் எழுதவே இல்லை என்று சொல்ல முடியாது. ராஜம் கிருஷ்ணன் ‘சேற்றில் மனிதர்கள்’ எழுதினார், மணலூர் மணியம்மையின் வாழ்வை வைத்துப் ‘பாதையில் பதிந்த அடிகள்’ எழுதினார். வெண்மணி எங்கள் வட்டத்தில்தான் இருக்கிறது. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட மக்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25 இரவில் ஒரே குடிசையில் எரிந்துபோன ஊர். இந்த மண்ணில் குனிந்த முதுகைக் கூலியின் பக்கம் நின்று பார்த்தது நியாயமான பார்வை, நான் அதிலிருந்து விலகவில்லை. ஆனால் அந்தப் பார்வையில் வலி பகலில் வயலில் நிகழ்வது. கூலி உயர்ந்த பிறகும், நடவே நின்றுபோன பிறகும், இரவு இரண்டு மணிக்கு வாசலில் நடந்துகொண்டிருக்கும் கால்களுக்கு அங்கே பக்கம் ஒதுக்கப்படவில்லை.

நாங்கள் மட்டும் எழுதிவிட்டோமா? 2002-இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வந்தபோது எழுந்த கூச்சல் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் காலத்தில் எழுத வந்த எங்களுக்கெல்லாம் உடல் என்பது ஒரு கொடி. அந்தக் கவிஞர்கள் பட்ட அவதூறுக்கு நான் சாட்சி, அவர்கள் திறந்த வழியில் வந்தவள். இன்று திரும்பிப் பார்த்தால் எங்கள் கவிதையின் உடலில் சில உறுப்புகளே இருந்தன: முலை, யோனி, கருப்பை, கூந்தல். ஆண்கள் சண்டைக்கு வரக்கூடிய உறுப்புகள். குடலும் தாடையும் பிடரியும் இல்லை. என் இரண்டாவது தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். வலி என்ற சொல் 11 இடத்தில் வருகிறது. ஒன்பது இடத்தில் அது நதியாகவோ நெருப்பாகவோ மாறிவிட்டது, மிச்ச இரண்டில் பிரிவு. நானும் வேலனைப் போலவே வாசித்திருக்கிறேன், என் உடம்பையே. சிறுநீர்ப்பையைப் பற்றி ஒரு கவிதை எழுத எனக்கு இன்னும் துணிவு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

‘வீட்டில் பிரச்சினையா’ என்ற கேள்வியை நான் முற்றாக மறுப்பதாக நினைக்க வேண்டாம். சிறுவயதுக் கொடுமைக்கும் வீட்டு வன்முறைக்கும் பிற்கால நாள்பட்ட வலிக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு பெண்ணிடம் அதைத் தனியாக, பொறுமையாகக் கேட்பது நல்ல மருத்துவம். என்னிடம் கேட்டவர்கள் விசாரணையை முடிப்பதற்காகக் கேட்டார்கள். ஆமாம் என்றால் அதுதான் காரணம், இல்லை என்றால் மறைக்கிறாள். மனச்சோர்வு இந்த நோயோடு அடிக்கடி சேர்ந்து வருவது உண்மை. கூட வந்தவளைப் பெற்றவளாக்கிவிடுவதுதான் பிழை.

இந்தப் பிழைக்கு மருந்துக்கடையிலும் விலை இருக்கிறது. எனக்கு முதலில் எழுதியது குறைந்த அளவு அமிட்ரிப்டிலின். கடைப் பையன் குரலைத் தாழ்த்தி, “இது மனநோய்க்குக் குடுக்கிறதாச்சே மேடம்” என்றான். அக்கறையோடுதான் சொன்னான். மனச்சோர்வுக்கு வந்த சில மாத்திரைகள் முதுகுத்தண்டில் வலியைத் தணிக்கும் பாதையிலும் வேலை செய்கின்றன. டுலாக்செடினுக்கு அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே 2008-இல் ஒப்புதல் கொடுத்தார்கள். இதைச் சீட்டு எழுதும்போதே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொல்லாததால், என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்கள் என்று முதல் அட்டையோடு மாத்திரையை நிறுத்திய பெண்கள் எனக்குத் தெரிந்தே இருவர். மாத்திரையைவிட உறுதியான சான்று உடற்பயிற்சிக்குத்தான் என்பதும் உண்மை. ஆனால் முப்பது வருடம் நட்டவரிடம் ‘உடம்பை அசைத்து வேலை செய்’ என்று சொன்னால் அவர் சிரிப்பார். கூலிக்கு முறியும் உழைப்பும், தன் அளவுக்குத் தானே கூட்டிக்கொண்டு போகும் பயிற்சியும் வேறு என்பதை யாராவது அவர் மொழியில் சொல்ல வேண்டும்.

பெயர் கிடைத்த பிறகு எனக்குப் புதிதாக ஒரு தொல்லை தொடங்கியது. இப்போது எதைச் சொன்னாலும் அதுவாகிவிட்டது. விரல் கணுக்கள் வீங்கியபோதும், “உங்களுக்குத்தான் ஃபைப்ரோ இருக்கே” என்றார் ஒருவர். முன்பு ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வாசித்தார்கள், இப்போது எந்த வரி வந்தாலும் ஒரே துறைக்குள் தள்ளுகிறார்கள். இரண்டும் சோம்பேறி வாசிப்பு. முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஃபைப்ரோமயால்ஜியாவும் இருக்கிறது. அவர்களுக்கு வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கை கூடுவதால் முடக்குவாதம் முற்றிவிட்டதாகத் தோன்றி, தேவைக்கு மேல் கடுமையான மருந்து போகவும் கூடும். இதன் மறுபக்கமும் உண்டு: உண்மையான மூட்டு அழற்சி இந்தப் பெயருக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே சோர்வோடு வந்து கதவைத் தட்டும். தஞ்சாவூர் மருத்துவர் விரல்களுக்கு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார். முடக்குவாதம் இல்லை என்று வந்தது. இல்லை என்று தேடித் தெரிந்துகொள்வதும், தேடாமலே இல்லை என்பதும் ஒன்றல்ல.

அக்காவின் விஷயத்தில் இதுதான் நடந்தது. அவர் சொன்ன கால் உளைச்சல், ஓய்ந்திருக்கும்போது கூடி, இரவில் முற்றி, நடந்தால் தணிகிறது. மருத்துவ நூலில் ஓய்வற்ற கால்கள் நோய்க்கு இருக்கும் விளக்கத்தை அவர் படிக்காமலே ஒப்பித்திருந்தார். இரும்புச்சத்துக் குறைவோடு நெருங்கிய உறவுள்ள நோய் அது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அக்கா அந்த வயதைத் தாண்டியவர், அதனால் அந்தக் கணக்கிலும் வரமாட்டார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அவர் வாசலுக்கும் வருகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து அட்டையில் எழுதிக்கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். இரண்டுமே எண்ணாக வரும் நோய்கள். கடுப்புக்கு எண் இல்லை.

நானே கூட்டிக்கொண்டு போனேன். கோப்பை நீட்டினால் திறக்கமாட்டார்கள் என்று தெரியும், ஆகவே அவர் சொன்னதையெல்லாம் ஒரே தாளில் எழுதி எடுத்துப்போனேன். அகப்பாட்டில் தோழி உண்மையை எடுத்துச் சொல்வதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். ஏழு அறைகளுக்குப் போய்வந்த எனக்கு அப்படி ஒரு தோழி வாய்க்கவில்லை. மருத்துவர் தாளைப் படித்துவிட்டு, ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் எட்டுக்குச் சற்று மேலே. இரும்பு மாத்திரை தொடங்கி நாலைந்து மாதத்தில் கால் உளைச்சல் பெரிதும் அடங்கிவிட்டது. இரவில் படுக்கிறார். மற்ற கடுப்புகள் அப்படியே இருக்கின்றன. தோளும் இடுப்பும் வயிறும் நீரும். அதற்குத் தஞ்சாவூர் போக வேண்டும், ஒருநாள் வேலை போகும், பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும், துணைக்கு நான் விடுப்பு எடுக்க வேண்டும். குறுவை அறுவடை முடியட்டும் என்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்: “ஒங்களுக்குப் பேரு சொல்லிட்டாங்க டீச்சர். எனக்கும் அதே பேருதானா, இல்ல வேற ஏதும் வைப்பாங்களா?” பார்த்தால்தான் தெரியும் என்றேன். அடுத்த மாதம் இரண்டாவது வியாழக்கிழமைக்கு எழுதிவைத்திருக்கிறோம்.